அரை மணிக்கு ஒரு கல்யாணம், ஆறே ஆறு விருந்தினர்: சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி ஹால்!

சென்னை ரிப்பன் மாளிகைக்கு ஏதோ ஒரு சான்றிதழ் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்தால் அகலமான பளிங்குப் படிக்கட்டு. அதன் உச்சியில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. அது முடிந்த கையோடு அடுத்த ஜோடி வந்து நிற்கிறது. படிக்கட்டின் நடுவில் வேறொரு மணப்பெண் வெள்ளை கவுனை விரித்தபடி போட்டோவுக்கு நிற்கிறார். அவரைச் சுற்றிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஏறிப் போகிறார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை.

அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில், ஊரின் மையத்தில் இருக்கும் சிட்டி ஹாலில் வார நாட்களில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். பெயருக்கேற்ப அது நகராட்சி அலுவலகம். மேயரும் மாமன்ற உறுப்பினர்களும் உட்கார்ந்து நிர்வாகம் பார்க்கும் இடம். வரி கட்டுபவர், மனு கொடுப்பவர், கோஷம் போடுபவர் எல்லோரும் வந்துபோகும் இடம். அதே இடம்தான் அமெரிக்காவில் கல்யாண போட்டோவுக்கு மிகவும் பெயர்பெற்ற கட்டடங்களில் ஒன்றாகவும் இருக்கிறது. அரண்மனை மாதிரி இருக்கிறதே என்று வருபவர்கள்தான் அதிகம். இருந்தாலும் இங்கே எடுக்கப்படும் ஒவ்வொரு கல்யாணப் படத்துக்கும் அடியில் வேறு சில படங்கள் இருக்கின்றன. அவை தெரிந்த பிறகு இந்தப் படிக்கட்டைப் பார்த்தால் அது வெறும் அழகான பின்னணியாகத் தெரியாது.

முதலில் கட்டடம். இதற்கு முன் இருந்த சிட்டி ஹாலைக் கட்ட கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1906 ஏப்ரல் 18 அதிகாலை வந்த நிலநடுக்கத்தில் அது நொடிகளில் சரிந்தது. வெறும் எலும்புக்கூடாக நின்ற அதன் குவிமாடத்தின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவமானப்பட்ட நகரம், அடுத்ததை வீம்போடு கட்டியது. ஆர்தர் பிரவுன் ஜூனியர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த புதிய சிட்டி ஹால் 1915-ல் திறக்கப்பட்டது. நம் ரிப்பன் மாளிகைக்கு இரண்டு வயது இளையது. 307 அடி உயரக் குவிமாடம், வாஷிங்டனில் இருக்கும் நாடாளுமன்றக் குவிமாடத்தையும் மிஞ்சியது. தரையில் டென்னஸியிலிருந்து வந்த இளஞ்சிவப்புப் பளிங்கு. சுவர்களில் இந்தியானா மாநிலத்துக் கல்.

இந்தக் குவிமாடத்துக்கு நேர் கீழே, படிக்கட்டு முடியும் வட்ட வெளியில்தான் கல்யாணம். மண்டபம் என்று தனியாகக் கிடையாது, கதவும் கிடையாது.

கெட்டிமேளம் இல்லாத முகூர்த்தம்

நடைமுறை எளிது. கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் முன்பதிவு செய்து, இருவரும் நேரில் வந்து அடையாள அட்டையைக் காட்டித் திருமண உரிமம் வாங்க வேண்டும். வாங்கிய 90 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். அதற்கு இன்னொரு முன்பதிவு. குறித்த நேரத்தில் கறுப்பு அங்கி அணிந்த அதிகாரி ஒருவர் வந்து ஜோடியை அழைத்துப் போவார். கூட வரும் விருந்தினர் ஆறு பேருக்கு மேல் கூடாது. உறுதிமொழி, மோதிரம், அறிவிப்பு எல்லாம் சேர்த்து சில நிமிடங்கள். அவ்வளவுதான், கணவன் மனைவி.

ஆயிரம் பத்திரிகை அடிக்கும் நமக்கு ஆறு பேர் என்பது சிரிப்பாக இருக்கும். யாரை விடுவது, யாரைச் சேர்ப்பது என்ற சண்டையில் சித்தப்பாக்கள் பேச்சுவார்த்தையே முறிந்துவிடும்! கூடுதல் கட்டணம் கட்டினால் இரண்டாம் தளத்தில் உள்ள மேயர் பால்கனியையோ நான்காம் தளத்தையோ ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக்கொண்டு இன்னும் பலரை அழைக்கலாம். ஆனாலும் இந்த இடத்தின் ருசி அந்த ஆறு பேர் கல்யாணத்தில்தான் இருக்கிறது.

போட்டோகிராபருக்கு அதுதான் சிக்கலும்கூட. நம் கல்யாணங்களில் முக்கியமான நொடி சொல்லிக்கொண்டு வருகிறது. ஐயர் கையை உயர்த்துவார், கெட்டிமேளம் முழங்கும், அட்சதை பறக்கும். கேமராக்காரர் அரைத் தூக்கத்தில் இருந்தாலும் விழித்துக்கொள்வார். இங்கே எந்த மேளமும் இல்லை. குவிமாடத்தின் உயரத்தில் குரல்கள் கரைந்துபோவதால் நான்கடி தள்ளி நின்றால் அதிகாரி சொல்வது பாதிதான் கேட்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் காதை நம்புவதில்லை, கைகளைப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளையின் கை கோட்டுப் பைக்குப் போனால் மோதிரம் வரப்போகிறது. பெண்ணின் தோள் கொஞ்சம் இறங்கினால் அழுகை வரப்போகிறது. தவறவிட்டால் இன்னொரு முறை செய்து காட்டச் சொல்ல நேரம் கிடையாது. அடுத்த ஜோடி காத்திருக்கிறது.

வெளிச்சம் அதைவிடக் குறும்பு செய்யும். வட்ட வெளியில் ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் நீலச் சாயலோடு இருக்கும். விளக்குகள் மஞ்சளாக எரியும். பளிங்கும் கல்லும் தம் பங்குக்கு ஒரு சூட்டைச் சேர்க்கும். கேமராவின் வொயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் ஒரே கவுன் ஒரு படத்தில் வெண்ணெயாகவும் அடுத்த படத்தில் நீலம் போட்ட வேட்டியாகவும் வரும். வெளிச்சம் குறைவு என்று ஃபிளாஷைத் திருப்பினால், கூரை எட்டாத உயரத்தில் இருக்கிறது. வெளிச்சம் போனது போனதுதான், திரும்பி வராது. நேராக அடித்தால் முகம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். பட்டுப்புடவை கட்டிய மணப்பெண் என்றால் ஜரிகை வெள்ளையாக வெடித்துவிடும். ஐ.எஸ்.ஓ.வைத் துணிந்து ஏற்றி, இருக்கிற வெளிச்சத்திலேயே எடுப்பதுதான் இங்கே எடுபடுகிறது. படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும்.

சடங்கு முடிந்ததும் எல்லோரும் லிஃப்ட் ஏறி நான்காம் தளத்துக்குப் போகிறார்கள். அங்கே வடக்குப் பக்கத்தில் பெரிய வளைவு ஜன்னல்கள். நேர் வெயில் விழாமல், பாலாடை மாதிரி மென்மையாக வருகிற வெளிச்சம். சுமாரான கேமராகூட அங்கே நல்ல பெயர் வாங்கும். அதே தளத்தின் கைப்பிடிச் சுவருக்கு அருகில் நின்று கீழே பார்த்தால் இன்னொரு படம் கிடைக்கும். வட்டத் தரையில் மணமக்கள் விரல் நுனி அளவில் தெரிவார்கள். அவர்களைச் சுற்றி யார் கல்யாண வீட்டார், யார் ஃபைலோடு வந்தவர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. முகம் தெரியவில்லையே என்று பல குடும்பங்கள் இந்தப் படத்தை ஆல்பத்தில் சேர்ப்பதில்லை. அது நஷ்டம்தான்.

இன்னொரு சுவாரசியம். கலிஃபோர்னியாவின் பொதுத் திருமண உரிமத்தில் குறைந்தது ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். உறவினர் யாரையும் அழைத்துவர முடியாத ஜோடிகள் உண்டு. பெற்றோர் வேறு நாட்டில் விசாவுக்குக் காத்திருக்கலாம்; பெற்றோருக்கே விஷயம் தெரியாமலும் இருக்கலாம். அப்போது சாட்சிக் கையெழுத்தை போட்டோகிராபரே போட்டுவிடுகிறார். காலையில்தான் அறிமுகமான ஒருவரின் பெயர், வாழ்நாள் முழுக்க அந்தத் தம்பதியின் பத்திரத்தில் இருக்கும். படம் எடுக்க வந்தவர், சட்டத்தின் கண்ணில் அங்கே இருந்த உறவு ஆகிவிடுகிறார்.

படிக்கட்டுக்கு வருவோம். ஆல்பத்தின் அட்டைப் படம் இங்கேதான் எடுக்கப்படும் என்பதால் இதற்குத்தான் கூட்டம். டோக்கன் எதுவும் கிடையாது. ஒரு ஜோடி நடுவில் நிற்கும்போது மற்ற போட்டோகிராபர்கள் தம் ஜோடிகளை ஓரமாக நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் கீழ்ப்படியில் கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். யாரோ ஒருவர் கைதட்டுவார். முன்பின் தெரியாதவர்களும் சேர்ந்து தட்டுவார்கள். மறுபடி எல்லோரும் நகர்வார்கள்.

இதே படிக்கட்டு, வேறு படங்கள்

1960 மே 13. கம்யூனிஸ்டுகளைத் தேடுகிறோம் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இங்கே விசாரணை நடத்தியது. விசாரணை அறைக்குள் விடச் சொல்லி மாணவர்கள் படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்து பாடினார்கள். காவலர்கள் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீரில் வழுக்கியவர்களைக் காலையும் கையையும் பிடித்து அதே பளிங்குப் படிகளில் இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். கேமராக்கள் அங்கே இருந்தன. அந்தக் காட்சிகள் நாடு முழுக்கப் போயின. இன்று மணப்பெண்ணின் கவுன் அலை அலையாக வழிந்து இறங்குவதாகப் படம் எடுக்கும் அதே படிகள்.

1954 ஜனவரி 14 கதை கொஞ்சம் இலகுவானது. மர்லின் மன்றோவும் பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோவும் இந்தக் கட்டடத்தில்தான் திருமணம் செய்துகொண்டார்கள். டிமாஜியோவுக்கு ஓசைப்படாமல் முடிக்க ஆசை. செய்தி கசிந்து நிருபர்களும் கேமராக்களும் ரசிகர்களும் குவிந்துவிட்டார்கள். அடர்பழுப்பு நிற சூட், வெள்ளை ஃபர் காலர் அணிந்த மன்றோவின் படங்கள் இன்றும் சுற்றுகின்றன. மன்றோ நின்ற படிக்கட்டு என்று அதைத் தேடி வருபவர்கள் உண்டு. ஆனால் அந்தத் திருமணம் நடந்தது ஒரு நீதிபதியின் அறையில். அந்த மணவாழ்க்கை ஒன்பது மாதத்தில் முடிந்தது.

படிக்கட்டின் உச்சியில், கல்யாணம் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. சிரித்த முகம், காற்றில் பறக்கும் டை. பலர் அது யாரென்று கேட்பதுகூட இல்லை. ஃபிரேமில் வராமல் இரண்டடி தள்ளி நில்லுங்கள் என்று சொல்லும் போட்டோகிராபர்களும் உண்டு. அவர் ஹார்வி மில்க். தன்பால் ஈர்ப்பு உடையவர் என்று வெளிப்படையாகச் சொல்லி, 1977 தேர்தலில் வென்று இந்த நகரின் மாமன்றத்துக்கு வந்தவர். 1978 நவம்பர் 27 அன்று முன்னாள் உறுப்பினர் ஒருவர், வாசலில் உள்ள சோதனையைத் தவிர்க்க ஜன்னல் வழியாக நுழைந்து, மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியை அவர் அலுவலகத்திலும் பிறகு மில்க்கை இன்னோர் அறையிலும் சுட்டுக் கொன்றார். அன்று இரவே ஆயிரக்கணக்கானவர்கள் மெழுகுவத்தி ஏந்தி இந்தக் கட்டடத்தின் வாசலுக்கு நடந்து வந்தார்கள்.

அதற்கும் கல்யாண போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்?

2004 பிப்ரவரி 12. பதவியேற்று ஒரு மாதமே ஆன மேயர் கெவின் நியூசம், ஒரே பாலின ஜோடிகளுக்கும் திருமண உரிமம் வழங்கச் சொன்னார். மாநிலச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. இருந்தும் முதல் ஜோடியாக டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லயனும் வந்தார்கள். இருவரும் 80 வயதை ஒட்டிய பெண்கள். அரை நூற்றாண்டாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஒருவர் ஊதா நிற பேன்ட் சூட், மற்றவர் நீலப் பச்சை. செய்தி பரவியதும் கட்டடத்தைச் சுற்றி வரிசை வளைந்தது. அந்த வார இறுதியில் மழை. குடை பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். வேறு மாநிலங்களிலிருந்து முகம் தெரியாதவர்கள் பூக்கடைகளுக்கு போன் செய்து, வரிசையில் நிற்கும் யாராவது ஒரு ஜோடிக்குக் கொடுங்கள் என்று பூங்கொத்து அனுப்பினார்கள்.

ஒரு மாதத்தில் சுமார் 4,000 ஜோடிகள். மார்ச் மாதம் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. ஆகஸ்ட் 12 அன்று, சரியாக ஆறு மாதம் கழித்து, அத்தனை திருமணங்களும் செல்லாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரம் வெறும் காகிதமாயிற்று. அந்த 4,000 வீடுகளில் மிஞ்சியது இந்தப் படிக்கட்டில் எடுத்த படம் மட்டும்தான். சட்டம் நடக்கவில்லை என்று சொன்ன ஒன்றை, நடந்தது என்று அந்தப் படம் சொல்லிக்கொண்டிருந்தது. டெல்லும் ஃபிலிஸும் நெற்றியோடு நெற்றி வைத்துக் கட்டிப்பிடித்து நிற்கும் 2004-ம் ஆண்டுப் படத்தைத் தேடிப் பாருங்கள். பின்னணியில் குவிமாடமும் இல்லை, படிக்கட்டும் இல்லை.

2008-ல் சட்டம் மாறியது. ஜூன் 16 அன்று அதே இருவர் அதே நிற உடைகளில் இங்கே வந்து மறுபடி மணந்துகொண்டார்கள். இம்முறை செல்லும். அந்த ஆகஸ்ட் 27 அன்று டெல் மார்ட்டின் காலமானார். அந்த உடைகள் இப்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கதை அதோடும் முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வாக்கெடுப்பு ஒன்று அந்த உரிமையை மீண்டும் பறித்தது. 2013 ஜூன் 28 அன்று அது திரும்பக் கிடைத்தபோது, வழக்குப் போட்டவர்களில் இருவரான கிரிஸ் பெர்ரி, சாண்டி ஸ்டியர் ஜோடிக்கு மேயர் பால்கனியில் திருமணம் நடந்தது. நடத்திவைத்தவர் மாநிலத்தின் அன்றைய அட்டர்னி ஜெனரல். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட பி.வி.கோபாலனின் பேத்தி, கமலா ஹாரிஸ். கீழே கூடிய கூட்டத்தின் கேமராக்கள் எல்லாம் அன்று அந்தப் பால்கனியை நோக்கித்தான் இருந்தன.

இத்தனையும் தாங்கிய கட்டடம் 1989 நிலநடுக்கத்தில் விழுந்திருக்க வேண்டியது. பலத்த சேதத்தோடு தப்பியது. அதன் பிறகு செய்த வேலை சுவாரசியமானது. மொத்தக் கட்டடத்தையும் அடித்தளத்திலிருந்து பிரித்து, ரப்பரும் எஃகும் அடுக்கிய 530 தாங்கிகள் மேல் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் ஓர் அகழி விட்டார்கள். பெரிய அதிர்வு வந்தால் கட்டடம் இரண்டு அடிக்கு மேல்கூட நகர்ந்து திரும்பலாம். 1999-ல் மறுபடி திறந்தபோது குவிமாடத்தில் தங்க ரேக்கு மின்னியது.

போகிறவர்களுக்கு

பே ஏரியாவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இடம் புதிதல்ல. இங்கே பதிவுத் திருமணம், பிறகு விடுமுறையில் ஊருக்கு வந்து முகூர்த்தம் என்று திட்டமிடுபவர்கள் இருக்கிறார்கள். ஊரில் இருக்கும் பாட்டிக்கு வாட்ஸ்ஆப் வீடியோவில் காட்டப்போகிறீர்கள் என்றால், கோடைக்காலத்தில் இங்கே காலை 10 மணி, தமிழ்நாட்டில் இரவு 10.30. குளிர்காலத்தில் 11.30 ஆகிவிடும். பாட்டி தூங்காமல் இருக்க வேண்டுமானால் கிடைக்கிற முதல் நேரத்தையே பிடியுங்கள். போட்டோவுக்கும் காலைதான் நல்லது, கூட்டம் குறைவு. வெள்ளிக்கிழமையைத் தவிர்க்கலாம், செவ்வாய், புதன் நிம்மதி. காதலர் தினம் போன்ற நாட்களுக்கு வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும். சனி, ஞாயிறு இந்தச் சேவை கிடையாது.

ஜூலை, ஆகஸ்ட் என்றதும் வெயிலை நினைத்துக்கொண்டு வராதீர்கள். மூடுபனியும் காற்றும் அப்போதுதான் அதிகம். வெளியே திடலில் முந்தானை பறக்கிற படம் வேண்டுமானால் தானாகவே கிடைக்கும். தலை கலையாத படம்தான் கிடைக்காது. வெளியில் எடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஹோமம் வளர்க்க வழியில்லை. விளக்கு ஸ்டாண்டுகளை விரித்து வழியை மறிக்கவும் முடியாது. பெரிய லென்ஸ் ஒன்று, அகலமான லென்ஸ் ஒன்று, சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு பேனா இருந்தால் போதும்.

சிவிக் சென்டர் பார்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. கல்யாணம் இல்லாதவர்களும் வார நாட்களில் உள்ளே போய்ப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. படிக்கட்டின் நடுவில் யாராவது நின்றுகொண்டிருந்தால் மட்டும் கீழ்ப்படியில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.